பழைய கேம் கன்சோலுக்கு நல்ல மாற்றுக் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேம் கன்சோல் இன்றும் பழுதின்றி ஓடுவதில் பெரிய வியப்பில்லை. கேசட்டில் இயங்கும் கன்சோல்களுக்குள் அசையும் பாகம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. தேய்வதெல்லாம் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்தான். கட்டைவிரல் பல்லாயிரம் முறை அழுத்திய பட்டன், இருந்த இடத்திலிருந்து இழுத்து இழுத்து நைந்த கேபிள், தோற்ற கோபத்தில் தரையைத் தொட்ட பிளாஸ்டிக் கூடு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நாள் அதைக் கைவிடச் செய்துவிடுகின்றன. அப்போது சந்தையில் தேடினால், அசலை உரித்துவைத்தாற்போல் தோன்றும் மாற்றுக் கன்ட்ரோலர்கள் ஏராளமாகக் கண்ணில் படும். அவற்றுள் கணிசமானவை கண்ணுக்கு மட்டுமே அசல், விரலுக்கு அல்ல. விரலுக்கும் அசலாக இருப்பதை எப்படி அடையாளம் காண்பது என்பதை, நான் வாங்கியும் பிரித்தும் பழுது பார்த்தும் தெரிந்துகொண்ட அளவில், இங்கே எழுதுகிறேன்.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா?

புதிதாக ஒன்றைத் தேடுவதற்கு முன் கையிலிருப்பதைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அசல் கன்ட்ரோலருக்கு ஈடான மாற்று அரிதாகவே கிடைக்கிறது. அந்த அசலில் கெட்டுப்போவதோ பெரும்பாலும் எளிதில் மாற்றக்கூடிய இரண்டே பொருள்கள். ஒன்று பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பர், மற்றது கேபிள். இவ்விரண்டில் எது பழுது என்பதைத் திறக்காமலே ஓரளவு கணித்துவிடலாம்.

நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோல், அதன் பின் வந்த சூப்பர் நின்டென்டோ ஆகியவற்றின் கன்ட்ரோலர் கேபிளுக்குள் ஐந்து கம்பிகள் ஓடுகின்றன. இரண்டு மின்சாரத்துக்கானவை. மூன்றாவது, பட்டன்களின் இப்போதைய நிலையைப் பதிந்துகொள்ளுமாறு கன்சோல் கன்ட்ரோலருக்குச் சொல்லும் கம்பி. நான்காவது, அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லித் துடிக்கும் கம்பி. ஐந்தாவது, பதில் திரும்பி வரும் கம்பி. எல்லாப் பட்டன்களின் செய்தியும் ஒரே கம்பியில் வரிசையாக வருவதால், இவற்றில் ஒன்று அறுந்தாலும் கன்ட்ரோலர் முழுவதும் முடங்கிவிடும். ஆகவே எல்லாப் பட்டன்களும் ஒருசேரச் செயலிழந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் அது ரப்பரின் வேலை.

சேகா மெகா டிரைவில் கணக்கு வேறு. அதன் மூன்று பட்டன் கன்ட்ரோலரில் ஏ, பி ஆகிய இரண்டும் ஒரு கம்பியையும், சி, ஸ்டார்ட் ஆகிய இரண்டும் இன்னொரு கம்பியையும் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நேரத்தில் எந்தப் பட்டனைக் கேட்கிறோம் என்பதைக் கன்சோல் தனியொரு கம்பி வழியாகச் சொல்கிறது. எனவே ஏ, பி இரண்டும் ஒரே நாளில் போனால் அது இரண்டு பட்டன்களின் தனித்தனிப் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கம்பி கேபிளுக்குள் எங்கோ அறுந்திருக்கும்.

திறப்பது கடினமான வேலை அன்று. என்இஎஸ், சூப்பர் நின்டென்டோ, நின்டென்டோ 64 கன்ட்ரோலர்களுக்குச் சாதாரண பிளஸ் திருப்புளி போதும். கேம்கியூப் கன்ட்ரோலருக்கு மட்டும் மூன்று இதழ் கொண்ட திருப்புளி வேண்டும். பின்மூடியைத் தூக்கும் முன் கன்ட்ரோலரைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டன்கள் மேசையெங்கும் உருளும். உள்ளே சர்க்யூட் போர்டை நிமிர்த்தினால், பட்டன்களின் அடியில் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ ஒரு ரப்பர் பேடு இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு குமிழின் உட்புறத்திலும் கறுப்பாக ஒரு கரிப் பொட்டு ஒட்டியிருக்கும். பட்டனை அழுத்தும்போது அந்தப் பொட்டுதான் போர்டில் எதிரெதிரே சீப்புப் பற்கள் போல வரையப்பட்ட இரண்டு தடங்களை இணைக்கிறது. நெடுநாள் ஆடிய கன்ட்ரோலரில் ஸ்டார்ட் பட்டனின் பொட்டு மங்கலாக, தூசி படிந்தாற்போல இருக்கும். அதிகம் அழுத்தப்பட்ட பட்டனின் பொட்டோ கண்ணாடி போல வழவழத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்புத்தான் தேய்மானம்.

போர்டிலுள்ள தடங்களை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பரை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்; தேய்த்தால் கரியே உதிர்ந்து வந்துவிடும். இளஞ்சூடான சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தினால் போதும். சுத்தம் செய்த பிறகும் பட்டன் சரியாக வேலை செய்யவில்லை என்றால் ரப்பர் பேடை மட்டும் மாற்றுங்கள். பிரபலமான கன்சோல்கள் எல்லாவற்றுக்கும் புதிய ரப்பர் பேடுகள் தனியாகவே விற்கப்படுகின்றன. அசல் கூடு, அசல் போர்டு, புது ரப்பர் என்ற இந்தச் சேர்க்கையை வெல்லும் மாற்றுக் கன்ட்ரோலரை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை.

கேபிள் பெரும்பாலும் கூட்டிலிருந்து வெளியே வரும் கழுத்தில், அல்லது பிளக்கை ஒட்டிய இடத்தில் அறுகிறது. மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் பின்னிலும் மறு முனையைப் போர்டின் சால்டரிலும் வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். பார்க்கும்போதே கேபிளை லேசாக வளைத்துக்கொண்டிருங்கள். பீப் ஒலி விட்டு விட்டு வந்தால் அறுந்த இடம் உங்கள் விரலுக்கு அடியில்தான் இருக்கிறது. மாற்றுக் கேபிளும் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் கம்பிகளின் நிறத்தை நம்பிச் சால்டர் செய்துவிடக் கூடாது. அசலின் நிறங்களும் மாற்றின் நிறங்களும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு கம்பியும் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதை அளந்த பிறகே இணைக்க வேண்டும்.

பிளக் பொருந்தினால் மட்டும் போதாது

பழுது பார்க்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது இரண்டாவது ஆட்டக்காரருக்கு இன்னொன்று வேண்டும் என்றால், தேடலைப் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். இதில் விழக்கூடிய பள்ளங்கள் சில உண்டு.

மிகப் பழகிய பள்ளம் ஒன்பது பின் பிளக். 1977-இல் வந்த அட்டாரி 2600 தொடங்கி, கமடோர் 64, மாஸ்டர் சிஸ்டம், மெகா டிரைவ் வரை பல கருவிகள் பார்வைக்கு ஒரே மாதிரியான ஒன்பது பின் பிளக்கைக் கொண்டவை. பொருந்துகிறதே என்று எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் செருகுவது ஆபத்து. அட்டாரி வழிவந்த போர்ட்டில் மின்சாரம் ஏழாவது பின்னில் வருகிறது. மெகா டிரைவிலோ ஐந்தாவது பின்னில் வருகிறது, ஏழாவது பின் கன்சோல் கேள்வி கேட்கும் கம்பியாகிவிடுகிறது. மெகா டிரைவ் கன்ட்ரோலரைக் கமடோர் 64-இல் நேரடியாகச் செருகினால் அந்தக் கணினியின் உள்ளீட்டுச் சிப்புக்கே சேதம் வரக்கூடும். என்இஎஸ் விளையாட்டுகளை ஓட்டும் நகல் கன்சோல்கள் பலவற்றிலும் இதே ஒன்பது பின் பிளக்தான்; ஆனால் அவற்றின் உள் இணைப்பு நின்டென்டோ முறையிலானது என்பதால் சேகா கன்ட்ரோலரை அவற்றிலும் செருகக் கூடாது. நகல் கன்சோல் வைத்திருப்பவர்கள், அதே கன்சோலோடு வந்த கன்ட்ரோலரின் பின் இணைப்பை அளந்து குறித்துக்கொண்டு தேடுவதே பாதுகாப்பு.

இரண்டாவது பள்ளம் அண்மைக் காலத்தது. 2016-லும் 2017-லும் நின்டென்டோ வெளியிட்ட சிறு வடிவக் கன்சோல்களுடன் வந்த கன்ட்ரோலர்கள் தோற்றத்தில் அசலேதான். ஆனால் பிளக், நின்டென்டோவின் பிற்காலத்து வீ (Wii) கன்சோலின் துணைக் கருவிகளுக்கானது. மெகா டிரைவ் மினி, பிளேஸ்டேஷன் கிளாசிக் ஆகியவற்றின் கன்ட்ரோலர்களுக்கு யூஎஸ்பி பிளக். விற்பனைப் படத்தில் பிளக் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். கேட்டு, படம் பெற்று, பிறகு முடிவு செய்யுங்கள்.

நாடுகளுக்கிடையிலான வேறுபாடு சில இடங்களில் மட்டுமே குறுக்கிடுகிறது. அமெரிக்க சூப்பர் நின்டென்டோவிலும் ஜப்பானிய சூப்பர் பாமிகாமிலும் பிளக் ஒன்றே, சமிக்ஞையும் ஒன்றே. ஜப்பானியக் கேபிள் குட்டையானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் ஐரோப்பிய என்இஎஸ் கன்சோல்கள் சிலவற்றின் போர்ட்டில் உள்ள கூடுதல் டயோடுகளால் அமெரிக்கக் கன்ட்ரோலர் அவற்றில் வேலை செய்யாது. என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான 1983-இன் அசல் பாமிகாமுக்கோ பிளக்கே கிடையாது. இரண்டு கன்ட்ரோலர்களும் கன்சோலோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. அதற்கு மாற்று வேண்டுமென்றால் முன்புறத்திலுள்ள பதினைந்து பின் விரிவாக்கப் போர்ட்டில் செருகும் கன்ட்ரோலரைத்தான் தேட வேண்டும். அந்தப் போர்ட்டைப் படிக்காத விளையாட்டுகளும் சில உண்டு.

பிளேஸ்டேஷன் ஒன்றும் இரண்டும் ஒரே பிளக்கைப் பயன்படுத்துகின்றன என்பதால் அங்கே தேர்வு பரந்தது. மெகா டிரைவுக்கு ஆறு பட்டன் கன்ட்ரோலர் வாங்கினால், அதைப் புரிந்துகொள்ளாமல் தடுமாறும் பழைய விளையாட்டுகள் சில உள்ளன. கன்சோலை ஆன் செய்யும்போது மோட் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அது மூன்று பட்டன் கன்ட்ரோலராகவே நடந்துகொள்ளும். மாற்றுக் கன்ட்ரோலரில் மோட் பட்டன் உண்டா, அது இந்த வேலையைச் செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டி-பேட்: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

அனலாக் ஸ்டிக் வருவதற்கு முந்தைய கன்சோல் எதுவாக இருந்தாலும், கன்ட்ரோலரின் தரத்தைத் தீர்மானிப்பது இடது கட்டைவிரலின் கீழுள்ள டி-பேட் எனும் சிலுவை வடிவத் திசைப் பட்டன். நின்டென்டோவின் குன்பெய் யோகோய் வடிவமைத்து 1982-இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டில் முதன்முதலாக இடம்பெற்ற அந்தச் சிலுவை, பார்க்க எளிய பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் அதன் அடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

சூப்பர் நின்டென்டோவுக்கு நான் முதன்முதலாக வாங்கிய மாற்றுக் கன்ட்ரோலர், நிறம், எழுத்து, வளைவு எல்லாவற்றிலும் அசலுக்கு இணையாக இருந்தது. ஆனால் வலப்பக்கம் ஓடச் சொன்னால் என் ஆட்டக்காரன் நடுநடுவே மேலே பார்த்தான். பள்ளத்தின் விளிம்பில் குனிந்தான். என் விரலில்தான் பிழை என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அசலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். அசலின் சிலுவைக்கு அடியில், நடு மையத்தில், ஒரு சிறு மேடு நீண்டிருந்தது. சிலுவை அந்த மேட்டின் மேல் தராசு முள்போல ஆடுகிறது: ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்கம் உயர்ந்தே தீரும். நகலில் அந்த மேடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாக இருந்தது. அதனால் சிலுவை சாய்வதற்குப் பதிலாக முழுவதுமாகக் கீழிறங்கி, பக்கத்துத் திசைகளின் ரப்பரையும் தொட்டுவிட்டது. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது.

ஆகவே எந்த மாற்றுக் கன்ட்ரோலரையும் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இது: சிலுவையின் நட்ட நடுவே கட்டைவிரலை வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். அசல் அசையாது, அல்லது மிகச் சிறிதே இறங்கும். நகல் ‘பொத்’தென்று அமுங்கினால் அதை அங்கேயே வைத்துவிடலாம். இவ்வாறு அமுங்கும் சிலுவை, இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்தியதாகவும் கன்சோலுக்குச் சொல்லிவிடும். அசலில் நடக்கவே முடியாத இந்த நிலையை அக்கால நிரலாளர்கள் எதிர்பார்க்கவில்லை. என்இஎஸ்ஸின் இரண்டாவது செல்டா விளையாட்டில் இடதும் வலதும் சேர்ந்து அழுந்தினால் நாயகன் கட்டுக்கடங்காத வேகத்தில் பாய்கிறான். வேறு விளையாட்டுகளில் வேறு விதமான குளறுபடிகள் நேரும்.

இரண்டாவது சோதனையை விளையாட்டுக்குள் செய்ய வேண்டும். கான்ட்ரா போன்று, திசைக்கேற்பத் துப்பாக்கி திரும்பும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்தபடியே கட்டைவிரலை மெல்ல மேலும் கீழும் உருட்டுங்கள். சற்றே உருட்டினால் குறி நேராகவே நிற்க வேண்டும். தெளிவாக உருட்டினால்தான் குறுக்குத் திசைக்கு மாற வேண்டும். விரல் லேசாக நெளிந்ததுமே துப்பாக்கி மேலும் கீழும் தாவினால் குறுக்குத் திசைகள் தேவைக்கு மேல் எளிதாக விழுகின்றன என்று பொருள். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஸ்ட்ரீட் பைட்டர் 2-இல் கீழ், குறுக்கு, முன் என்று விரலை வழித்துக் குத்தினால் தீப்பந்து வர வேண்டும்; பத்து முறையில் நான்கைந்து முறை வெறும் குத்து மட்டுமே வந்தால் குறுக்குத் திசை விழவே இல்லை. நல்ல சிலுவை இந்த இரண்டு சோதனைகளிலும் தேறும். ஒன்றில் மட்டும் தேறுவது, அந்த வகை விளையாட்டை மட்டுமே ஆடுபவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

மற்றப் பட்டன்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. பட்டன் ஓரத்தில் அழுத்தினாலும் சிக்காமல் இறங்க வேண்டும். விட்டதும் தயங்காமல் எழ வேண்டும். என்இஎஸ் மாரியோவில் செய்வதுபோல ஒரே கட்டைவிரலின் நுனியால் பி பட்டனைப் பிடித்துக்கொண்டே விரலின் அடியால் ஏ பட்டனை அழுத்த முடிய வேண்டும். பட்டன்களுக்கு இடையிலான தூரமும் உயரமும் சிறிது மாறினாலும் இந்த உருட்டல் கைகூடாது.

அனலாக் ஸ்டிக் உள்ள கன்சோல்கள்

1996-இல் வந்த நின்டென்டோ 64-இன் ஸ்டிக் தனி ஒரு கதை. அது பிற்காலத்து ஸ்டிக்குகளைப் போல மின்தடையை அளப்பதில்லை. துளையிட்ட இரண்டு சிறு சக்கரங்கள் சுழல்வதை ஒளி உணரிகள் எண்ணுகின்றன. எண்ணிக்கை துல்லியமானது, அது கெடுவதும் அரிது. கெடுவது ஸ்டிக்கின் அடி உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உராய்ந்து உராய்ந்து வெள்ளைத் தூளாக உதிர, ஸ்டிக் நடுவில் நிற்காமல் துவண்டு தொங்குகிறது. பழைய நின்டென்டோ 64 கன்ட்ரோலரைத் திறந்தால் கிண்ணத்தைச் சுற்றி அந்த வெள்ளைத் தூளைக் காணலாம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒளி உணரியை அப்படியே வைத்துக்கொண்டு தேய்ந்த கிண்ணத்தையும் பற்சக்கரங்களையும் மட்டும் மாற்றுவது முதல் வழி. அசல் உணர்வு குலையாமல் இருப்பதால் என் ஓட்டு இதற்கே. கேம்கியூப் பாணி ஸ்டிக் கொண்ட முழு மாட்யூலைப் பொருத்துவது இரண்டாவது வழி. இது எளிது, ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அசல் ஸ்டிக் நேர்த்திசைகளில் ஏறத்தாழ 80 முதல் 85 வரையிலான எண்ணையே அனுப்பும். விளையாட்டுகள் அந்த அளவை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. மலிவான மாட்யூல்கள் சில 100-ஐயும் தாண்டி அனுப்புகின்றன. அப்போது ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே ஆட்டக்காரன் ஓடத் தொடங்கிவிடுவான். சூப்பர் மாரியோ 64-இல் உறங்கும் பூச்செடியின் பக்கத்தில் அது விழிக்காதபடி பூனைநடை நடந்து பாருங்கள். நடக்க முடிந்தால் மாட்யூல் நல்லது, ஒவ்வொரு முறையும் செடி விழித்துக்கொண்டால் திருப்பி அனுப்புங்கள். ஹால் விளைவு உணரி கொண்ட, அதாவது காந்தத்தின் அசைவை அளக்கும் மாட்யூல்கள் மூன்றாவது வழி. உணரியில் உராயும் பாகம் இல்லாததால் அது தேய்வதில்லை. அளவெல்லை அசலை ஒத்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு: நின்டென்டோ 64 கன்ட்ரோலர் ஆன் ஆகும் கணத்தில் ஸ்டிக் இருக்கும் இடத்தையே நடுவாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தபடி ஆன் செய்திருந்தால் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கமாக இழுக்கும். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நடு மீண்டும் பதியப்படும். பழுது என்று எண்ணித் தூக்கிப்போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சேகா, தன் சாட்டர்ன் கன்சோலின் 3டி கன்ட்ரோலரிலும் டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரிலும் அக்காலத்திலேயே காந்த உணரிகளைத்தான் பயன்படுத்தியது. எனவே டிரீம்காஸ்ட்டுக்கு நல்ல நிலையிலுள்ள அசலையே தேடுவது புத்திசாலித்தனம்.

பிளேஸ்டேஷன் 2-க்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டிக்கைவிடப் பட்டன்களை. அதன் அசல் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 2-இன் பட்டன்கள் அழுந்தினவா இல்லையா என்பதோடு நில்லாமல், எவ்வளவு அழுந்தின என்பதையும் சொல்கின்றன. மெட்டல் கியர் சாலிட் 2-இல் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்த, பட்டனை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். அழுத்தத்தை உணராத மாற்றுக் கன்ட்ரோலரில் அது முடியாது. விடுவித்ததும் குண்டு பாய்ந்துவிடும். சந்தையிலுள்ள மாற்றுகளில் பல இந்த வசதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன, அட்டைப்பெட்டியிலும் அது எழுதப்பட்டிருக்காது. அழுத்த உணர்வு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள்.

பயன்படுத்திய அசலை வாங்கும்போது

கையிலிருப்பதைக் காப்பாற்ற முடியாதபோது என் அடுத்த பரிந்துரை, பிறர் பயன்படுத்திய அசல். மஞ்சள் படிந்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அது பிளாஸ்டிக்கின் வேதி மாற்றமே தவிர ஆட்டத்துக்கு இடையூறு இல்லை. கேபிளின் கழுத்து வெடித்திருக்கிறதா, பிளக்கின் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். தலை சிதைந்த திருகாணி, முன்பே யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. கைவைத்தவர் திறமையானவராகவும் இருக்கலாம்; என்ன மாற்றப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அசல் என்று சொல்லி நகலை விற்பதும் நடக்கிறது. வெளித்தோற்றத்தில் பின்புற வார்ப்பு எழுத்துகளின் கூர்மையையும் எடையையும் ஒப்பிடுங்கள். உள்ளே பார்க்க முடிந்தால் சந்தேகம் எளிதில் தீரும்: அசல் என்இஎஸ் கன்ட்ரோலரின் போர்டில் 4021 வகையைச் சேர்ந்த, கால்கள் தெரியும் ஐசி ஒன்று இருக்கும், நகல்களில் அதன் இடத்தில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் உருண்டை ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும். விற்பவரிடம் உட்புறப் படம் கேட்பதில் தவறில்லை. ஐந்தாறு திருகாணிகளைக் கழற்ற அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

புதிதாகத் தயாராகும் கன்ட்ரோலர்கள்

இன்றும் உரிமம் பெற்றும் பெறாமலும் பழைய கன்சோல்களுக்கான கன்ட்ரோலர்கள் தயாராகின்றன. ரெட்ரோ-பிட் சேகாவின் உரிமத்தோடு மெகா டிரைவுக்கும் சாட்டர்னுக்கும் கன்ட்ரோலர்களை வெளியிட்டது. 8பிட்டோ, என்இஎஸ், சூப்பர் நின்டென்டோ, மெகா டிரைவ் ஆகியவற்றின் அசல் போர்ட்டில் செருகும் வயர்லெஸ் ரிசீவர்களையும், அசல் கன்ட்ரோலரின் கூட்டுக்குள்ளேயே பொருத்தக்கூடிய வயர்லெஸ் போர்டுகளையும் தந்தது. நின்டென்டோ 64-இன் மூன்று கைப்பிடி வடிவம் கைக்கு ஒத்துவராதவர்களுக்கு ரெட்ரோ பைட்டர்ஸின் பிராலர்64 போன்ற இரு கைப்பிடி வடிவங்கள் உள்ளன. கேம்கியூப் கன்ட்ரோலரை நின்டென்டோவே 2014-லும் 2018-லும் மறுபடியும் தயாரித்தது. அவை பழைய கேம்கியூபிலும் செருகி ஆடக்கூடியவை என்பதால், அந்தக் கன்சோல் வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றையே தேடலாம்.

இவற்றை வாங்கும்போது எது சேர்ந்திருக்கிறது என்பதைவிட எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். நின்டென்டோ 64 மாற்றில் அடிப்புற மெமரி கார்டு துளை உண்டா? இல்லையென்றால் அந்த அட்டையில் சேமிக்கும் விளையாட்டுகளின் முன்னேற்றம் எங்கே போய்ச் சேரும்? டிரீம்காஸ்ட் மாற்றில் விஎம்யூ என்ற அதன் மெமரி கார்டு உட்காருமா? அதிர்வு மோட்டார் உண்டா? அழுத்தலைத் தானாகவே படபடவென்று திரும்பச் செய்யும் டர்போ பட்டன் இருப்பதை விளம்பரம் பெரிதாகச் சொல்லும். அது தவறுதலாக ஆன் ஆகிவிடும் இடத்தில் இருந்தால் வரமன்று, தொல்லை.

வயர்லெஸ்ஸைப் பற்றிய அச்சம் ஓரளவுக்கே நியாயமானது. 60 ஹெர்ட்ஸ் கன்சோலில் ஒரு பிரேம், அதாவது திரையில் ஒரு படம் நிற்கும் நேரம், 16.7 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் 20. பெரும்பாலான பழைய விளையாட்டுகள் பிரேமுக்கு ஒரு முறையே கன்ட்ரோலரைப் படிக்கின்றன. ஆகவே சில மில்லி விநாடித் தாமதம் பல நேரம் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். அடங்காதபோது ஒரு பிரேம் தள்ளிப்போகும். சராசரித் தாமதத்தைவிட அது நிலையாக இருக்கிறதா என்பதே முக்கியம்: எப்போதும் ஒரே அளவு தாமதித்தால் கை பழகிக்கொள்ளும், மாறி மாறி வந்தால் பழகாது. பொதுவாக, கன்ட்ரோலரோடு சொந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் வரும் வகை, புளூடூத்தைவிடச் சீரானது. புளூடூத் கன்ட்ரோலர்களைப் பழைய கன்சோலில் இணைக்க விரும்புவோருக்கு, இஎஸ்பி32 சிப்பில் இயங்கும் ப்ளூரெட்ரோ என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்ட அடாப்டர்கள் நல்ல தேர்வு. பல கன்சோல்களுக்கு ஒரே முறையில் பயன்படுகின்றன. ஆட்டம் மந்தமாகத் தோன்றினால் டிவியையும் சரிபாருங்கள். கேம் மோட் அணைந்துள்ள நவீன டிவி சேர்க்கும் தாமதம், நல்ல வயர்லெஸ் கன்ட்ரோலர் சேர்ப்பதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும்.

வயர்லெஸ்ஸில் நான் தயங்குவது பேட்டரிக்காக. உள்ளே அடைபட்ட லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும், சில நேரம் உப்பும். திருகாணியைக் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியா, ஒட்டி மூடப்பட்டதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். நாற்பது ஆண்டு தாங்கிய கன்சோலுக்கு நான்கு ஆண்டு தாங்கும் கன்ட்ரோலரைச் சேர்ப்பதில் எனக்கு மனமில்லை.

வந்து சேர்ந்த பிறகு

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனைகளையும் செய்துவிடுங்கள். பிளக்கைச் செருகும்போது முதல் கவனம் தேவை: மலிவான பிளக் அளவில் சற்றுப் பெரிதாக இருந்தால், வலிந்து நுழைத்தால் கன்சோலின் போர்ட் கெட்டுவிடும். கன்ட்ரோலருக்கு மாற்று உண்டு, போர்ட்டை மாற்றுவது பெரிய வேலை. இறுக்கமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு மேலே சொன்ன டி-பேட் சோதனைகள். அதன் பின், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடிய அளவுக்குப் பழகிய விளையாட்டு ஒன்று. புதிய விளையாட்டில் சோதித்தால் பிழை உங்களுடையதா கன்ட்ரோலருடையதா என்று தெரியாது. பழகிய விளையாட்டில், எப்போதும் தாண்டும் பள்ளத்தில் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஆடுங்கள், ஏனெனில் சில ரப்பர்கள் புதிதில் நன்றாக இருந்து, கை சூடேறிய பிறகே கட்டைவிரலை நோகடிக்கத் தொடங்கும்.

தேறியதை வைத்துக்கொண்ட பிறகு, கேபிளைக் கன்ட்ரோலரின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கழுத்திலுள்ள கம்பிகளை அறுப்பது அதுதான். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையங்களாகச் சுருட்டி, கழுத்திலிருந்து நான்கு விரற்கடை நேராக விட்டு, கன்ட்ரோலரின் பக்கத்தில் வையுங்கள். செத்துப்போன பழைய அசலையும் தூக்கி எறிய வேண்டாம். அதன் சிலுவையும் பட்டன்களும் பிளக்கும், அடுத்து வாங்கும் அசலுக்கு உதிரி பாகங்கள்.